மேடையில் நேரடியாக ஓவியம் வரைவதைத் தொழிலாக்கிக்கொள்ள முடியுமா? நற்பணிக்கு நிதி திரட்ட அது உதவுமா?

கேள்வியில் இரண்டு விடயங்கள் பிணைந்திருக்கின்றன. உயர்தர வகுப்பில் சித்திரம் படித்துவிட்டு இப்போது ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் நீங்கள், அதை விட்டுவிட்டு விழா மேடைகளில் பார்வையாளர் முன்னிலையில் ஓவியம் வரைபவராக வாழ முடியுமா என்று கேட்கிறீர்கள். கூடவே, சிறுநீரக நோயாளிகளுக்காக நிதி திரட்டும் ஓர் அமைப்பு தங்கள் நிகழ்வில் இலவசமாக வரைந்து தரும்படி கேட்டிருப்பதாகவும், ஒப்புக்கொள்ளலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்துவருபவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் முற்றிலும் இலவசமாக வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு, இந்தக் கலையில் உண்மையில் விலைபோவது எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அறையில் அமர்ந்து ஆறுதலாக வரையும் ஓவியத்தில் விலைபோவது படம். மேடை ஓவியத்தில் விலைபோவது, வெறும் ஓவியச் சீலையாக (கன்வஸ்) இருந்தது கண் முன்னே படமாக மாறிய அந்தக் கால் மணி நேரம். தமிழ்ச் சபைகளுக்கு இந்தச் சுவை புதிதல்ல. ஈற்றடியைக் கொடுத்தவுடன் நின்ற இடத்திலேயே வெண்பாப் பாடி முடித்த ஆசுகவிகளை அவை கொண்டாடியது இதற்காகத்தான். ஓவியத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் மத்யூ. 1956இல் பாரிஸின் சாரா பேர்னார்ட் அரங்கில், 12 மீற்றர் நீளமும் 4 மீற்றர் உயரமும் கொண்ட சீலையில், ஏறத்தாழ 800 குழாய் வண்ணத்தைச் செலவிட்டு, அரை மணி நேரத்துக்குள் அவர் ஒரு படத்தை முடித்தார். விமர்சகர்கள் அதைக் கோமாளித்தனம் என்றும் சொன்னார்கள். இன்றும் எங்களைப் பற்றி அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அவருக்குப் பின் வந்த அமெரிக்கரான டெனி டென்ட், இரு கைகளிலும் பல தூரிகைகளைச் சேர்த்துப் பிடித்து, இசை முழங்க, பாடகர்களின் முகங்களைச் சில நிமிடங்களில் வரைந்தார். 1980 டிசம்பரில் பீட்டில்ஸ் பாடகர் ஜோன் லெனன் கொல்லப்பட்டதையடுத்து நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் வரைந்ததிலிருந்தே அவருடைய மேடை வாழ்வு தொடங்கியது. நமக்கு அருகே, பெங்களூரின் விலாஸ் நாயக் தொலைக்காட்சித் திறமைப் போட்டியின் வழியாக இதே துறையில் பெயர் பெற்றார்.

வேகம் மேடையில் பிறப்பதில்லை என்பதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு முகத்தையோ காட்சியையோ மேடைக்குக் கொண்டுபோகுமுன், அதே அளவுள்ள மட்டைகளில், கை தானாக ஓடும்வரை திரும்பத் திரும்ப வரைந்து பார்ப்பேன். எந்தத் தீற்றல் முதலில், எது கடைசியில் என்ற ஒழுங்கு, ஒலிக்கப்போகும் இசையின் தாளத்தோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிட வேண்டும். கறுப்பு அடிப்பூச்சுக் கொடுத்த சீலையில், முதல் வரிசையில் இருப்பவருக்கும் தெரியாத அளவுக்கு மெல்லிய சோக்குப் புள்ளிகள் சில இருக்கும்: கண்களின் மட்டம், நாடியின் கீழ் எல்லை, தோளின் சரிவு. இதைக் கள்ளம் என்பவர்கள் உண்டு. பாடகர் பக்கத்தில் சுருதிப்பெட்டி வைத்துக்கொள்வதை யாரும் கள்ளம் என்பதில்லை. ஓவியக் கடைத் தூரிகைகள் மேடைக்கு அநேகமாக உதவா. ஹார்ட்வெயார் கடையில் சுவருக்குப் பூசுவதற்கென்று விற்கும் இரண்டங்குல, மூன்றங்குலத் தூரிகைகளே பெரிய சீலையில் ஓடும். வண்ணம் அக்ரிலிக்காகவே இருக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாட்கள் செல்லும், ஏலத்தில் எடுத்தவர் அன்றிரவே வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

எங்கள் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளியில் வரைந்தால் அக்ரிலிக் கோப்பைக்குள்ளேயே தோல் கட்டிவிடும். தண்ணீர் தெளிக்கும் போத்தல் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டச்சுக்குடாக் கடற்கரையில் மேடை போட்டால், ஆறடிச் சீலை காற்றைப் பிடித்துத் தாங்கியோடு சாயும் என்பதால் அதன் கால்களில் மணல் மூட்டை கட்டுவது என் வழக்கம். மாரியில் நிலைமை நேர்மாறு: ஈரக்காற்றில் முதல் பூச்சுக் காயாமல் கிடக்கும், அதன்மேல் வைக்கும் வெள்ளை சாம்பல் நிறச் சேறாகிவிடும். அந்த மாதங்களில் மண்டபத்துக்குள் மட்டுமே வரைய ஒப்புக்கொள்ளுங்கள்.

எதை வரைவது என்பது தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக வாழும் இந்த ஊரில் நிதானமாக யோசிக்க வேண்டிய விடயம். உருவத்தைத் தலைகீழாக வரைந்து, கடைசி அரை நிமிடத்தில் சீலையைத் திருப்பிக் காட்டும் உத்திக்குக் கைதட்டல் நிச்சயம். ஆயினும் தெய்வ உருவத்தை அப்படி வரைய நான் ஒப்புவதில்லை, கேட்பவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிடுவேன். முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவிலோ மூதூரிலோ நடக்கும் நிகழ்வில் மனித முகம் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் சொன்னால் அது நியாயமான வேண்டுகோள். எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கக்கூடிய பொருள்கள் இங்கே தாராளமாக உண்டு: பிரட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள், கிண்ணியாப் பாலம், கரைவலை இழுப்பவர்களின் முதுகுகள். என் கைக்கு மிகவும் பழகியது, கோணேசர் கோயில் நிற்கும் கடலோரப் பாறையான எங்கள் சுவாமிமலை. கறுப்புச் சீலையில் மலையை வரையவே தேவையில்லை. வானத்தையும் கீழே அலை நுரையையும் மட்டும் தீற்றிக்கொண்டு வந்தால், தொடாமல் விட்ட இடம் பாறையாக எழுந்து நிற்கும். எதை வரைகிறேன் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் சபை, உச்சியில் கோபுரத்துக்கு ஒரு சிறிய மஞ்சள் தீற்றல் வைத்தவுடன் ஒரே நேரத்தில் கண்டுபிடித்து ஆரவாரிக்கும். அந்த ஒலியைக் கேட்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஆனால் அந்த ஒலி வீட்டு வாடகை கட்டாது. மேடை ஓவியத்தை மட்டும் நம்பி இந்த மாவட்டத்தில் முழு ஆண்டும் வாழ முடியாது என்பதே என் கணிப்பு. ஜூலை, ஓகஸ்டில் வெளிநாடுகளில் உள்ள உறவுகள் பாடசாலை விடுமுறைக்கு வருவதால் திருமணங்களும் பழைய மாணவர் ஒன்றுகூடல்களும் அந்தக் காலத்தில் குவியும்; நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கும் அதுவே பருவம். மார்கழியில் கைவசம் ஒன்றும் இராது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவருக்குச் சித்திர வகுப்பு, ஹோட்டல் சுவரோவியம், கடைப் பலகை என்று மற்றக் கால்களையும் ஊன்றிக்கொண்டுதான் நான் நிற்கிறேன். கொழும்பில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை, படங்களை இடைத்தரகர் இல்லாமல் விற்கவும், பார்ப்பவர்கள் எதன் முன்னால் நிற்கிறார்கள் என்று கற்றுக்கொள்ளவும் நல்ல இடம். 2022 நெருக்கடியில் டொலரின் மதிப்பு ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதியாகும் வண்ணத்தை நம்பிய எங்கள் செலவும் அதே வேகத்தில் ஏறியது. ஆகவே வேலையை உடனே விட வேண்டாம். வார இறுதிகளில் தொடங்குங்கள். கேட்டு வருபவர்கள் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்கத் தொடங்கிய பிறகு யோசிக்கலாம்.

இனி நற்பணி. "உங்களுக்கும் நல்ல விளம்பரம்தானே" என்ற வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பணம் கொடுக்கும் அதே ஏற்பாட்டாளர்கள், ஓவியரிடம் மட்டும் அறத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு இன்றுவரை விளங்காத விடயம். ஓர் அமைப்புக்கு முழுவதும் இலவசமாக வரைந்து கொடுத்தேன்; ஏலத்தில் எவ்வளவு கிடைத்தது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பலமுறை கேட்டும் அவர்கள் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைத்ததற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கட்டணத்தை எழுதி, அதில் நான் விட்டுக்கொடுக்கும் பகுதியையும் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. எடுத்துக்காட்டாக, என் வழமையான கட்டணம் 40,000 ரூபா என்றால், சீலை, வண்ணம், வாகனம், உதவியாளர் ஆகியவற்றுக்கான 15,000 ரூபாவை மட்டும் பெற்றுக்கொண்டு, மீதி 25,000 ரூபாவை என் நன்கொடையாகப் பதிந்து பற்றுச்சீட்டுத் தரும்படி கேட்பேன். அப்போது நானும் கொடையாளர் பட்டியலில் ஒருவனாகிவிடுகிறேன். கணக்குக் கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது.

அமைப்பு பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள். தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்வதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; பதிவிலக்கத்தைக் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. பணம் அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். எந்த நிலையிலும் அது உங்கள் கணக்கின் வழியாகப் போகக் கூடாது. நல்ல எண்ணத்தோடு "என் கணக்குக்கே போடுங்கள்" என்று சொன்ன கலைஞர்கள்மேல் ஊர் பேசிய பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

ஏலத்தின் நுட்பம் நேரத்தில் இருக்கிறது. கடைசித் தீற்றல் விழுந்து கைதட்டல் ஓய்வதற்குள் ஏலம் தொடங்கிவிட வேண்டும். இடையில் பிரமுகர் உரை ஒன்றை நுழைத்தால், சாப்பாட்டு வேளையும் நெருங்கி, கேட்கும் தொகை பாதியாகிவிடும். ஏலத்தை நீங்கள் நடத்தக் கூடாது, சபையில் இருப்பவர்களைப் பெயர் சொல்லி, "அண்ணன், தம்பி விட்டுக்கொடுக்கப் போறாரோ?" என்று கேட்கும் உரிமையுள்ள ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். தொடக்கத் தொகையைக் கேட்பதற்கு உண்மையான கொடையாளர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், ஏனென்றால் முதல் குரல் வரும்வரை மண்டபம் முழுவதும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். வென்றவர் "நாளைக்கு அனுப்பிவிடுறன்" என்றால் புன்னகையோடு படத்தை அமைப்பிடமே வைத்துவிட்டு, பணம் வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். ஏலத்தில் போட்டியிட முடியாதவர்களே சபையில் அதிகம். அவர்களுக்காக, உங்கள் முந்தைய படங்களின் கையொப்பமிட்ட அச்சுப் பிரதிகளை நிலையான விலைக்கு வாசலில் வைக்கலாம். ஒரு நிகழ்வில் கீழ்ப்பகுதிக் கடலை வெறுமையாக விட்டு, சிறிய தொகை கொடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் நீலத்தில் ஒரு விரற்பதிவு வைக்கச் செய்தோம். பெற்றோர் வரிசையில் நின்றார்கள்.

உலகச் செய்திகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். துபாயில் பிரித்தானிய ஓவியர் சாச்சா ஜாஃப்ரி 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஒரு ஹோட்டல் மண்டபத்தில் மாதக்கணக்காக வரைந்த மாபெரும் சீலை, 2021 மார்ச்சில் 6 கோடியே 20 இலட்சம் டொலருக்கு விலைபோய், அந்தப் பணம் சிறுவர் நலப் பணிகளுக்கென்று அறிவிக்கப்பட்டது. 70 துண்டுகளாக விற்க எண்ணியதை ஒருவரே முழுவதுமாக வாங்கினார். அந்தத் தொகை நமக்கு அளவுகோல் ஆகாது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பணம் யாருக்கு என்பது விற்பனைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்களைக் கேட்ட அமைப்பு செய்ய வேண்டியதும் அதுவே. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) அநேகமாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் ஓட்டோச் செலவும், வெளியில் வாங்கும் மருந்தும், கூடவே வருபவர் இழக்கும் நாட்கூலியும் குடும்பத்தை வற்றச் செய்துவிடும். "சிறுநீரக நோயாளருக்கு உதவுங்கள்" என்பதைவிட, "ஒருவருடைய ஒரு மாதப் பயணச் செலவு இவ்வளவு" என்று தொகையோடு அறிவிப்பாளர் சொன்னால் சபைக்குக் கை நீளும். நோயாளியை மேடைக்கு அழைத்து நிறுத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் பெறும் செலவுத்தொகை, நன்கொடையாக விடும் தொகை, ஏலம் நடக்கும் நேரம், நிகழ்வு முடிந்து எத்தனை நாட்களுக்குள் கணக்கு வெளியிடப்படும் என்பவை அதில் இருக்கட்டும். ஒலிபெருக்கிக்கான பொலிஸ் அனுமதி அவர்கள் பொறுப்பு என்றும் எழுதுங்கள். கடைசியாகப் பதிப்புரிமை: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை விற்றாலும், எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். அந்த அமைப்பு உங்கள் ஓவியத்தை நாட்காட்டியாக அச்சிட விரும்பினால், எத்தனை பிரதி, எந்த ஆண்டுக்கு, வருமானம் யாருக்கு என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.