கியூபா, உக்ரைன், போரின் மொழி – கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் ஐந்தாறு பேர் மாலையில் சேர்ந்து நடப்பவர்கள். உக்ரைன் போர் தொடங்கியது முதல் எந்தப் பேச்சும் அதில்தான் வந்து நிற்கிறது. வங்கியில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், "பேசிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, 1962-ல் கியூபா விஷயத்தில் அமெரிக்க அதிபர் கென்னடி முறைத்தார், சோவியத் தலைவர் குருஷேவ் வாலைச் சுருட்டிக்கொண்டார், அவ்வளவுதான்" என்று அடித்துச் சொல்கிறார். எனக்கு வேறொரு எரிச்சல். எந்தத் தலைவரும் போரைப் போர் என்று சொல்வதில்லை. புதின் 'சிறப்பு ராணுவ நடவடிக்கை' என்கிறார். கென்னடியும் முற்றுகையை முற்றுகை என்று சொல்லவில்லையாம். இந்த மழுப்பல் எல்லாம் ஒன்றுதானே?

எஸ்.ஆர்., ஈரோடு

அன்புள்ள எஸ்.ஆர்.,

ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். அதிகாரத்தில் இருப்பவர் ஒரு மெல்லிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, அது யாருடைய கையைக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவது தெரியவந்ததும், 1962 அக்டோபர் 22 அன்று தொலைக்காட்சியில் பேசிய கென்னடி, கியூபாவைச் சுற்றிக் கடற்படையை நிறுத்தப்போவதை 'குவாரன்டைன்' (தனிமைப்படுத்தல்) என்றார். முற்றுகை என்று அறிவித்தால் சர்வதேசச் சட்டப்படி அதுவே போர்ச் செயலாகிவிடும். இதுவரைக்கும் வக்கீல் சாமர்த்தியம்தான். ஆனால் சொல்லுக்கு ஏற்பச் செயலும் சுருங்கியது. தாக்குதல் ஆயுதங்களுக்கு மட்டுமே தடை என்றும், 1948-ல் பெர்லினில் சோவியத் செய்ய முயன்றதைப் போல உயிர்வாழத் தேவையான பொருட்களைத் தாம் மறுக்கவில்லை என்றும் அந்த உரையிலேயே சொன்னார். 25-ஆம் தேதி 'புக்கரெஸ்ட்' என்ற சோவியத் எண்ணெய்க் கப்பலைச் சோதிக்காமலே விட்டார்கள். மறுநாள் முதன்முதலாக ஏறிச் சோதித்த கப்பல் 'மருக்லா'. சோவியத் சரக்கை ஏற்றி வந்தாலும் அது லெபனானில் பதிவானது. அதை நிறுத்திய போர்க்கப்பல்களில் ஒன்றுக்கு, இரண்டாம் உலகப் போரில் இறந்த கென்னடியின் அண்ணன் ஜோசப்பின் பெயர் என்பது ஒரு விசித்திரம். ஆயுதம் இல்லை என்று கண்டதும் கப்பலைப் போகவிட்டார்கள். அன்று வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த டோப்ரினின், மாஸ்கோவுக்கு அவசரத் தந்தி அனுப்ப வேண்டுமென்றால் தந்தி நிறுவனத்து ஆள் சைக்கிளில் வந்து வாங்கிப்போவார் என்று பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். செய்தி அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, எந்தக் கப்பலை மறித்தார்கள், எதை விட்டார்கள் என்பதுதான் எதிரிக்குக் கிடைத்த உடனடிக் கடிதம்.

கென்னடியைச் சாதுவாக்கவில்லை. கியூபாவிலிருந்து மேற்கு அரைக்கோளத்தின் எந்த நாட்டின் மீது ஏவுகணை வந்தாலும் சோவியத் மீதே முழுப் பதிலடி விழும் என்று மிரட்டியதும் அதே உரையில்தான். ஆனால் 'குவாரன்டைன்' என்ற சொல் கட்டியது அவருடைய கடற்படையின் கையை.

புதினின் சொல் கட்டியது ரஷ்யக் குடிமக்களின் வாயை. 2022 பிப்ரவரி 24-ல் படைகள் எல்லை தாண்டின. மார்ச் முதல் வாரத்திலேயே, ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று சட்டம் வந்துவிட்டது. அதே மாதம் மாஸ்கோவின் ஒரு வட்டார மன்றத்தில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது போட்டி நடத்துவது எப்படி என்று கேட்டு, நடப்பதைப் போர் என்றே குறிப்பிட்டார் உறுப்பினர் அலெக்சேய் கோரினோவ். ஜூலையில் அவருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் செய்தியாளர்களிடம் புதினே 'இந்தப் போர்' என்று சொன்னார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. நகரங்கள் மீது குண்டு விழுவதை அந்த மெல்லிய சொல் ஒரு நாளும் குறைக்கவில்லை. இதை மழுப்பல் என்று நீங்கள் சொல்வதே மிகவும் மரியாதையான வார்த்தை.

இனி உங்கள் நண்பர். அவர் சொல்லும் கதையைத்தான் பல ஆண்டுகள் அமெரிக்கர்களும் நம்பினார்கள், ஏனென்றால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். கியூபா மீது பறந்த அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டு மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தது அக்டோபர் 27-ல். அன்று இரவே அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி டோப்ரினினைத் தனியே சந்தித்து, துருக்கியில் இருக்கும் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் அது வெளியில் தெரியக் கூடாது என்று உறுதி கொடுத்தார். முறைப்பு கேமராவுக்கு முன்னால். பேரம் அதற்குப் பின்னால். கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக குருஷேவ் மறுநாள் அறிவித்தார். பேசியதை எழுத்தில் பதிவு செய்து அவர் அனுப்பிய கடிதத்தை டோப்ரினின் கொண்டுவந்து கொடுத்தபோது, ராபர்ட் கென்னடி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜூபிடர்கள் 1963 ஏப்ரலுக்குள் துருக்கியை விட்டுப் போயின. குருஷேவ் தாம் வாங்கியதை வெளியே சொல்ல முடியாமல், பணிந்தவர் என்ற பெயரோடு 1964 அக்டோபரில் பதவி இழந்தார்.