பள்ளி ஆலோசனை பலன் தருகிறதா, எப்படி அறிவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பள்ளியில் ஆலோசகராக இருக்கிறேன். இந்த ஆண்டு 180 மாணவர்களைச் சந்தித்தேன், 22 வகுப்புகள் எடுத்தேன் என்று அறிக்கை கொடுத்தேன். ‘சரி, இதனால் என்ன மாறியது?’ என்கிறார் தலைமையாசிரியர். வேறு எதைக் காட்டுவது?

அவர் கேட்பது நியாயமான கேள்வி. உங்கள் எண்கள் உங்கள் உழைப்பைச் சொல்கின்றன. பிள்ளைகளிடம் என்ன மாறியது என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. செய்த வேலை ஒன்று. பிள்ளைகள் புதிதாகத் தெரிந்துகொண்டதும் நினைப்பதும் இன்னொன்று. வருகை, தேர்ச்சி, வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்ட தடவைகள் போன்று நடப்பில் மாறியது மூன்றாவது. பெரும்பாலான அறிக்கைகள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன.

எல்லாவற்றையும் அளக்கக் கிளம்பாதீர்கள். ஒரு பருவத்துக்கு ஒரே கேள்வி போதும். வருகையிலிருந்து தொடங்குவதே எளிது. பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, யாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டாம். வேலை நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் அது கவலைக்குரிய அளவு என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. 200 நாள் கொண்ட ஆண்டில் அது 20 நாள். ஆனால் 20 நாள் போகட்டும் என்று காத்திருந்தால் ஆண்டே போய்விடும். முதல் 30 வேலை நாட்களில் 3 நாள் வராத பிள்ளையின் பெயர் அப்போதே உங்கள் கைக்கு வர வேண்டும். நோய் விடுப்பையும் சேர்த்தே எண்ணுங்கள். ‘வயிற்றுவலி’ என்று வரும் கடிதத்துக்குப் பின்னால் வகுப்பில் நடக்கும் சீண்டல் ஒளிந்திருப்பது அரிதல்ல.

கேள்வி: அதிக விடுப்பு எடுத்த 12 பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு பருவம் குழு ஆலோசனை நடத்தினோம். சராசரி விடுப்பு 9 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. எங்கள் திட்டம் வெற்றி என்று சொல்லலாமா?

இன்னும் சொல்ல முடியாது. மோசமான நிலையில் இருக்கும்போது பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த முறை ஓரளவு தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருவனுக்கு அந்தப் பருவத்தில் காய்ச்சல் வந்திருக்கும், இன்னொருத்தி வீட்டில் ஏதோ நெருக்கடி இருந்திருக்கும். அது கடந்ததும் விடுப்பு தானாகவே குறையும். சராசரியை நோக்கிய இந்தத் திரும்பலைத்தான் நம்மில் பலர் ஆலோசனையின் பலன் என்று எண்ணிவிடுகிறோம்.

இதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. ஒரே நேரத்தில் 12 பேரைத்தான் பார்க்க முடியும், தேவையோ 24 பேருக்கு என்றால், யாருக்கு முதல் பருவம், யாருக்கு அடுத்த பருவம் என்பதைக் குலுக்கல் சீட்டில் முடிவு செய்யுங்கள். எப்படியும் பாதிப் பேர் காத்திருக்கத்தான் போகிறார்கள். குலுக்கல் அந்தக் காத்திருப்பைப் பாரபட்சம் இல்லாததாக்குகிறது. ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் குலுக்கலில் சேர்க்கவே கூடாது. அவரை அன்றே பார்க்க வேண்டும். பருவ முடிவில் காத்திருந்தவர்களின் விடுப்பும் 9 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்திருந்தால், உங்கள் வேலையின் பலன் 4 நாள் அல்ல, ஏறத்தாழ 2 நாள். 2 நாள் என்பதும் மதிப்புள்ளதுதான். ஆனால் இத்தனை சிறிய எண்ணிக்கையில் அது தற்செயலாகவும் வரலாம் என்பதால், அடுத்த ஆண்டும் அப்படியே வருகிறதா என்று பாருங்கள்.

இன்னும் மூன்று இடங்களில் கணக்கு பிசகும். பாதியில் நின்றுவிட்டவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், கடினமான நிலையில் இருந்த பிள்ளைகளே பட்டியலிலிருந்து மறைந்து பலன் பெரிதாகத் தெரியும். தொடங்கிய அனைவரையும் எண்ணுங்கள். முதல் அளவைத் தேர்வு வாரத்திலும் இரண்டாவதை விடுமுறை முடிந்த கையோடும் எடுத்தால், நீங்கள் அளப்பது தேர்வுப் பயத்தை. மூன்றாவது, 12 பேரில் ஒருவர் நோயால் கூடுதலாக 24 நாள் வராவிட்டால் அதுவே குழுவின் சராசரியை 2 நாள் கூட்டிவிடும். அதனால் சராசரியோடு இடைநிலை அளவையும், அதாவது எல்லோருடைய எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும், எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகளும் பெற்றோரும் ‘மிகவும் உதவியாக இருந்தது’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது போதாதா?

அந்த வார்த்தைகளுக்கு மதிப்பு உண்டு. பிள்ளை உங்களை நம்புகிறது என்பதற்கு அவை சான்று. ஆனால் பலனுக்குச் சான்றாகா. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு 1939-இல் சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒருவருக்கு மட்டும் பல ஆண்டுகள் ஆலோசனையும் ஆதரவும் தந்தது. சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பார்த்து 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் குடிப்பழக்கம், மனநோய், மீண்டும் குற்றம் செய்தல் போன்ற பலவற்றில், உதவி பெறாதவர்களைவிட அவர்களின் நிலை மோசமாக இருந்தது.

1999-இல் ஆய்வாளர்கள் டிஷனும் மக்கார்டும் புலேனும் எழுதிய கட்டுரை இன்னொரு எச்சரிக்கை தந்தது. அடங்காத நடத்தை உள்ள வளரிளம் பருவத்தினரை மட்டும் ஒரே குழுவில் சேர்த்தால், அவர்கள் ஒருவரை ஒருவர் ஊக்குவித்து நடத்தை இன்னும் கெடலாம். ஆகவே ‘பிரச்சினைக்குரிய மாணவர் குழு’ என்று ஒன்றை அமைக்கும் முன் நிதானியுங்கள். நன்கு பழகும் பிள்ளைகளையும் கலந்து அமைப்பது அல்லது தனித்தனியே சந்திப்பது பாதுகாப்பானது. நல்லெண்ணத்தோடு செய்வதும் பிள்ளையைப் புண்படுத்தக்கூடும். அளந்து பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

கேள்வி: பள்ளி முழுவதற்கும் மனநலக் கேள்வித்தாள் கொடுக்கலாமா?

பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். 400 பேருக்குக் கொடுத்து 10 விழுக்காட்டினர் கவலைக்குரிய மதிப்பெண் எல்லையைத் தாண்டினால், 40 பேரைத் தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடியுமா? முடியாதென்றால் ஒவ்வொரு வகுப்பாகக் கொடுங்கள். மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட, பிள்ளைகளின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்கும் எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாளில் 25 வரிகள். அவற்றில் 20 வரிகளைக் கூட்டினால் 0 முதல் 40 வரை மதிப்பெண் வரும். பிறரிடம் நன்றாக நடந்துகொள்வது பற்றிய மீதி 5 வரிகளை அதில் கூட்டக் கூடாது. எல்லையைத் தாண்டுவது நோய் இருப்பதற்கான முடிவல்ல, பேசிப் பார்க்க ஒரு காரணம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற கேள்வித்தாளில் 9-ஆவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அந்தத் தாள்கள் ஒரு இரவுகூடப் பிரிக்கப்படாமல் மேசையில் கிடக்கக் கூடாது.

கேள்வி: இத்தனை தகவலையும் எப்படிப் பாதுகாப்பாக வைப்பது?

பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறொரு கோப்பில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். அமர்வில் பேசியதை அட்டவணையில் எழுதாதீர்கள். எண், தேதி, காரணம், அமர்வின் வகை, அடுத்த தேதி என்று ஐந்து கட்டம் போதும். ஆசிரியர் கூட்டத்தில் காட்டும் அறிக்கையில் 10 பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டாம். ‘9-ஆம் வகுப்பு, மாணவிகள், 2 பேர்’ என்றாலே அது யார் என்று அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.