உள்ளம் உருகினால் போதுமா?

கேள்வி: உண்மைக் கதை என்று வெளிவந்த தன்வரலாறுகள் சில, கட்டுக்கதை என்று பின்னால் அம்பலமாகின்றன. ஆனாலும் "படித்தபோது அழுதேன், அது போதும். நடந்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை" என்று சொல்லும் வாசகர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சிதான். இதில் என்ன தவறு?

பதில்: தவறு இருக்கிறது. நம்பியதைக் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் தன் துயரத்தைச் சொல்லும்போது நம்பிக் கேட்பது நல்ல குணம்தான். பொய் என்று தெரிந்த பிறகும் "பரவாயில்லை" என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

முக்கியமில்லை என்பதே முதலில் சரியல்ல. போதையிலிருந்து மீண்ட கதையை ஜேம்ஸ் ஃப்ரே என்ற அமெரிக்கர் 2003-ல் தன்வரலாறாக வெளியிட்டார். 2005-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் நிகழ்ச்சியில் அதைத் தூக்கிப் பிடித்ததும் லட்சக்கணக்கில் விற்றது. சுமார் மூன்று மாதம் சிறையில் கிடந்ததாக எழுதியிருந்தார். 2006 ஜனவரியில் ஓர் இணையதளம் போலீஸ் ஆவணங்களைத் தோண்டியது. அவர் காவலில் இருந்தது சில மணி நேரம்தான். இன்னொன்றையும் ஃப்ரேயே சொன்னார்: முதலில் அதை நாவல் என்றுதான் பதிப்பகங்களுக்குக் காட்டினாராம், யாரும் எடுக்கவில்லையாம். நாவலாக விலைபோகாத எழுத்து, 'நடந்தது' என்ற முத்திரை விழுந்ததும் விற்றது. உங்களை அழ வைத்ததில் அந்த முத்திரைக்கும் பங்கு உண்டு. அழுது முடித்த பிறகு முத்திரை முக்கியமில்லை என்பது எந்த நியாயம்?

அப்புறம், "நாங்கள் ஏமாற்றப்பட்டோம்" என்று எல்லாரும் சொல்கிறோம். பல நேரங்களில் விஷயம் தெரிந்தவர்கள் முன்பே எச்சரித்திருக்கிறார்கள். நாம்தான் காது கொடுக்கவில்லை.

நோர்மா கூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்டானில் தன் உயிர்த்தோழி ஒரு கிறிஸ்தவ இளைஞனைக் காதலித்தாள், அதற்காகப் பெற்ற தகப்பனே அவளைக் குத்திக் கொன்றான் என்று எழுதினார். 2003-ல் புத்தகம் பல நாடுகளில் சக்கைப்போடு போட்டது. ஜோர்டானில் கௌரவக் கொலைகளை எதிர்த்துப் பல ஆண்டுகளாக எழுதிவந்த பத்திரிகையாளர் ரானா ஹுசைனியும், அந்நாட்டுத் தேசியப் பெண்கள் ஆணையத்தின் அமல் அல்-சப்பாவும் அதை வரிவரியாகப் படித்தார்கள். 73 பிழைகளைப் பட்டியலிட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். குவைத் ஜோர்டானை ஒட்டிய நாடு என்றுகூட அந்தப் புத்தகத்தில் இருந்தது. தேசப்படத்தை விரித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிப்பகம் அசையவில்லை. 2004-ல் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ், கூரி மூன்று வயதிலிருந்தே சிகாகோவில் வளர்ந்தவர் என்று நிறுவிய பிறகுதான் புத்தகம் திரும்பப் பெறப்பட்டது.

தேசப்படத்தை ஏன் யாரும் விரிக்கவில்லை? மேற்கத்திய வாசகர்களின் மனத்தில் ஒரு அரபுத் தகப்பன் ஏற்கெனவே கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். புத்தகம் அவனுக்குப் பெயர் வைத்தது, அவ்வளவுதான். அந்த மண்ணிலேயே இருந்து, மிரட்டல்களுக்கு நடுவே உண்மையான கொலைகளைப் பதிவுசெய்த பெண்களின் பேச்சு எடுபடவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இது புதிதும் அல்ல. 1956-ல் லோப்சாங் ராம்பா என்ற பெயரில் ஒரு 'திபெத்திய லாமா'வின், அதாவது பௌத்தத் துறவியின், வாழ்க்கை வரலாறு லண்டனில் வெளியானது. அச்சேறும் முன்பே திபெத் அறிஞர்கள் சந்தேகம் சொன்னார்கள். பதிப்பகம் கேட்கவில்லை. எழுதியவர் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஒரு பிளம்பரின் மகன் என்பது 1958-ல் வெளியானது. ஓநாய்க் கூட்டத்தோடு வாழ்ந்து நாஜிகளிடமிருந்து தப்பிய யூதச் சிறுமி நான்தான் என்று எழுதிய மிஷா டிஃபோன்சேகா, தான் யூதரே அல்ல என்று 2008-ல் ஒப்புக்கொண்டார். அவரையும் வரலாற்றாசிரியர்கள் முன்பே சந்தேகித்திருந்தார்கள்.

பின்யமின் வில்கோமிர்ஸ்கி கதை இன்னும் மோசம். பால்யத்தில் மைதானெக், ஆஷ்விட்ஸ் ஆகிய நாஜி முகாம்களில் இருந்ததாக 1995-ல் எழுதி விருதுகள் வாங்கினார். அமெரிக்காவில் ஒரு பெண், "இவரை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், நானும் அங்கே இருந்தேன்" என்று முன்வந்தார். இருவரும் மேடையேறி மக்களை அழ வைத்தார்கள். பிறகு பார்த்தால், வில்கோமிர்ஸ்கி என்பவர் 1941-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த புரூனோ க்ரோஜான். அந்தப் பெண் அமெரிக்காவிலேயே பிறந்த கிறிஸ்தவர், அதற்கு முன் வேறொரு பெயரில் வேறொரு போலித் தன்வரலாறு எழுதியவர். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் சாட்சி.

ஆனால் எனக்கு அதிகம் வலித்தது ஹெர்மன் ரோசன்ப்ளாட்டின் கதை. அவர் போலி அல்ல, நாஜி முகாம்களிலிருந்து உண்மையிலேயே உயிர் பிழைத்தவர். முகாம் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சிறுமி தனக்கு ஆப்பிள் எறிந்தாள், பல வருடம் கழித்து நியூயார்க்கில் அவளையே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டேன் என்றார். தன் நிகழ்ச்சியில் சொன்னவற்றிலேயே மிகப் பெரிய காதல் கதை என்று ஓப்ரா கொண்டாடினார். கென்னத் வால்ட்சர் என்ற வரலாற்றாசிரியர் ரோசன்ப்ளாட் இருந்த ஷ்லீபன் முகாமின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். வெளியாள் யாரும் அந்த வேலியை நெருங்கி ஆப்பிள் எறிய வழியே இல்லை. அந்தச் சமயத்தில் ரோசன்ப்ளாட்டின் மனைவி ஒளிந்திருந்த இடமோ 200 மைலுக்கும் அப்பால். 2008 டிசம்பரில் புத்தகம் கைவிடப்பட்டது.

உண்மையில் அந்தச் சிறுவனைக் காப்பாற்றியவர்கள் கூடவே இருந்த அவன் அண்ணன்கள். தங்கள் பங்கு ரொட்டியிலிருந்து அவனுக்குக் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய கதை வேண்டுமா? நமக்கு வேண்டியிருந்தது. அண்ணன் கொடுத்த ரொட்டி போதவில்லை, காதலி எறிந்த ஆப்பிள் வேண்டியிருந்தது. அவர் மீது பழி போடுவது சுலபம். அந்த ஆப்பிளை மறுபடி மறுபடி கேட்டு வாங்கியவர்கள் யார்? "நடந்ததா என்பது முக்கியமில்லை" என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும், நடந்ததை நடந்தபடி சொல்பவரிடம் "உன் துயரம் போதாது" என்கிறோம்.

அதற்காகத் தன்வரலாறு எழுதுகிறவர்களையெல்லாம் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. நினைவு பிசகும். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கைதிகள் கிளர்ந்தெழுந்ததைப் பார்த்த ஒரு பெண்மணி, நான்கு புகைபோக்கிகள் வெடித்துச் சிதறின என்று சாட்சி சொன்னார். வெடித்தது ஒன்றுதான் என்று வரலாற்றாசிரியர்கள் திருத்தினார்கள். திருத்தியது சரி, திருத்தத்தான் வேண்டும். ஆனாலும் அவர் சாட்சியை நான் நம்புகிறேன். அவர் அங்கே இருந்தார். வில்கோமிர்ஸ்கி என்று எழுதிய க்ரோஜான் அங்கே இருக்கவே இல்லை.