கேபிளில் தூண்டப்படும் மின்னோட்டம்: கேள்வி பதில்

கேள்வி (மயிலாப்பூர், சபா ஒலி அமைப்பாளர்): டிசம்பர் கச்சேரியில் தம்புரா சுருதிக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். மைக் கேபிளுக்கு ஒரு மீட்டர் தள்ளி ஏ.சி.யின் பவர் கேபிள் 10 மீட்டர் ஓடுகிறது. எவ்வளவு மின்னோட்டம் ஏறும்?

பதில்: ஒற்றைக் கம்பியில் 100 ஆம்பியர் ஓடினால், ஒரு மீட்டர் தள்ளி காந்தப்புலம் 20 மைக்ரோ டெஸ்லா. மைக் கேபிளின் ஷீல்டு (உள்கம்பிகளைச் சுற்றிய உலோக உறை) மேடையிலும் மிக்ஸரிலும் எர்த் ஆகியிருந்தால், அதுவும் எர்த் கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். 10 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். பரப்பு 1 சதுர மீட்டர். புலத்தைப் பரப்பாலும், 50 ஹெர்ட்ஸுக்கு உரிய 314 என்ற எண்ணாலும் பெருக்கினால் 6.3 மில்லிவோல்ட். வளையத்தின் மின்தடை அரை ஓம் என்றால் ஏறக்குறைய 12.6 மில்லி ஆம்பியர். மைக் தரும் சிக்னலே சில மில்லிவோல்ட்தான்.

ஆனால் பவர் கேபிளில் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியும் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் சேர்ந்து ஓடினால், ஒன்றின் புலத்தை மற்றது அழித்து, நூறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எனவே கேபிளின் நீளத்தை அளப்பதற்கு முன், திரும்பி வரும் கம்பி எந்த வழியில் போகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். அலுமினியத் தாள் ஷீல்டை நம்பாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் செம்புக்குள்ளேயே 9 மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவக்கூடியது. முறுக்கிய ஜோடிக் கம்பிதான் உதவும். கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற அதே உத்தி. இரைச்சலைப் போக்க மின்சார எர்த்தை மட்டும் ஒருபோதும் கழற்றிவிடாதீர்கள், உயிர் போகும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்தால் போதும்.

கேள்வி (வேளச்சேரி, இல்லத்தரசி): வடகிழக்குப் பருவமழையில் இடி எங்கோ விழுகிறது, எங்கள் மாடிக் கேமரா செத்துப்போகிறது. எப்படி?

பதில்: அம்மா, 100 மீட்டர் தள்ளி 30,000 ஆம்பியர் மின்னல் 2 மைக்ரோ விநாடியில் உச்சம் தொட்டால், 10 சதுர மீட்டர் வளையத்தில் 300 வோல்ட் எழும். கேமரா வயர் ஒரு சுவரிலும் மின்கம்பி மறு சுவரிலும் ஏறினால் அவ்வளவு பெரிய வளையம் எளிதில் உருவாகிவிடும். இரண்டையும் ஒரே வழியில் கொண்டுபோய், திடீர் வோல்ட் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் பொருத்துங்கள்.

கேள்வி (அம்பத்தூர், எலக்ட்ரீஷியன்): இணைப்பைத் துண்டித்த கம்பியில் டிஜிட்டல் மீட்டர் 90 வோல்ட் காட்டுகிறது.

பதில்: பக்கத்துக் கம்பியின் மின்புலம் அது. இரண்டுக்கும் இடையே 1 நானோ ஃபாரட் கொள்திறன் (கெபாசிட்டன்ஸ்) இருந்தால் 230 வோல்ட்டில் ஓடக்கூடியது 72 மைக்ரோ ஆம்பியர்தான். அதை வைத்து ஒரு குண்டு பல்பை எரிக்க முடியாது. ஆகவே குண்டு பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப் மாட்டிப் பாருங்கள் தம்பி. எரிந்தால் அது தூண்டல் அல்ல, உண்மையான சப்ளை. அதற்கு முன் அந்த டெஸ்ட் லேம்ப் வேலை செய்கிறதா என்று சப்ளை உள்ள வேறொரு பாயின்ட்டில் சோதித்துக்கொள்ளுங்கள்.