இடித்த வீட்டு உத்திரமும் சாய்ந்த பலாவும்: பழைய மரத்தில் சாமான் செய்வோர் கேட்டவை

பழைய மரத்தில் மேஜை, பெஞ்ச், அலமாரி செய்வது பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலும் இரண்டு வகை மரத்தைப் பற்றித்தான்: இடித்த வீட்டிலிருந்து இறங்குவது, காற்றுமழைக்குச் சாய்ந்தது. எதுவானாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் மரத்தைப் பார்த்த பிறகு சாமானுக்கு அளவு போடுங்கள். முதலில் அளவைப் போட்டுவிட்டு மரத்தை அதற்குள் நுழைக்கப் பார்த்தால் நல்ல மரமெல்லாம் துண்டு துண்டாகிவிடும்.

மன்னார்குடிப் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறோம். வியாபாரி ஒருவர் மரம் மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடலாமா?

முதலில், இடித்தே ஆகவேண்டுமா என்று ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். ஓடு மாற்றி, கூரையைத் தாங்கும் நாலு கைமரம் மாற்றினால் இன்னும் ஒரு தலைமுறை நிற்கக்கூடிய வீடுகளை எத்தனையோ பார்க்கிறேன். அந்த மரம் மேஜையாக வருவதைவிட வீடாகவே நிற்பது நல்லது.

இடிப்பது முடிவாகிவிட்டது என்றால் மொத்த விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மொத்தமாகப் பேசும்போது நிலைக்கதவுக்கும் தூணுக்கும் மட்டும் கணக்குப் போட்டு, உத்திரம், கைமரம், மச்சுப் பலகை எல்லாம் சும்மா சேர்ந்து போய்விடும். சாமான் செய்பவனுக்கு வேண்டியதே அந்தச் சும்மா போகிற மரம்தான். வேலைப்பாடு எதுவும் இல்லாத நேரான உத்திரம் ஒன்றை அறுத்தால் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜைக்குக் காலும் சட்டமும் வந்துவிடும். மச்சுப் பலகை மேஜையின் மேல்பலகைக்கும் அலமாரித் தட்டுக்கும் ஆகும். கைமரம் பெஞ்சுக்குப் போதும். ஓடு உட்காரும் ரீப்பர் கட்டைகளைக்கூட ஜன்னல் திண்டுக்கும் புத்தகத் தட்டுக்கும் பயன்படுத்தலாம்.

கன அடிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், 10 அடி நீளமுள்ள கட்டை என்றால் 240-ஐ 144-ஆல் வகுக்க, 1.67 கன அடி. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

அப்புறம், ஜேசிபி வேண்டாம். ஓட்டை இறக்கி, ரீப்பரைக் கழற்றி, கைமரத்தை எடுத்து, கடைசியாக உத்திரத்தை இறக்க வேண்டும். கட்டிய வரிசைக்குத் தலைகீழ் வரிசை. நாள் கூடும், கூலியும் கூடும். ஆனால் மரம் முழுசாக வரும். சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு நுனிகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மொத்தையாக இருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஈரமும் கரையானும் முதலில் பிடிப்பது அந்த நுனியைத்தான். பெரும்பாலும் ஒரு அடி அறுத்துத் தள்ளினால் மீதி உத்திரம் உறுதியாக இருக்கும். இறக்கிய மரத்தை மண்ணில் போடாமல் செங்கல் மேல் அடுக்குங்கள்.

காரைக்குடியில் ஒரு கடையில் பர்மா தேக்கு என்று சொல்லித் தூண் கொடுக்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மரம் பர்மாவில் வளர்ந்ததா, கேரளக் காட்டில் வளர்ந்ததா என்று கண்ணால் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. தேக்கா இல்லையா, காட்டில் மெதுவாக முற்றிய மரமா, தோட்டத்தில் சீக்கிரம் வளர்த்த மரமா என்பதைப் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கு இருப்பது கதை இல்லை. நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். 1942-இல் ஜப்பானியர் நுழைந்ததும் அந்த வாழ்வு குலைந்தது. அதற்கு முன் கட்டிய வீடுகளுக்குக் கப்பலில் வந்த மரம் அது. ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பு இருப்பதால் கறுத்துப்போன எந்த மரத்துக்கும் அதைச் சூட்டிவிடுகிறார்கள்.

கடைக்காரரிடம் கேட்டு, தூணின் அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இழைப்புளியால் ஒரு சீவல் எடுங்கள். தேக்கு என்றால் உள்ளே தேன் கலந்த பழுப்பு தெரியும், விரலுக்கு லேசாக எண்ணெய்ப் பசை தட்டும், பதனிட்ட தோல் போல ஒரு வாசம் வரும். அடி வெட்டை ஈரத்துணியால் துடைத்து வளையங்களைப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த மரம். விரல் அகலத்துக்கு விலகி நின்றால் தோட்டத்து மரம். அது மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த விலைக்கு இல்லை.

வேங்கையைத் தேக்கு என்று விற்பதும் உண்டு. அதற்கு ஒரு அழகான சோதனை இருக்கிறது. சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு வெயிலில் பிடியுங்கள். பழுப்பு நீரின் ஓரத்தில் நீலம் மினுங்கினால் அது வேங்கை. தேக்கில் அந்த நீலம் வராது. வேங்கையும் அருமையான மரம்தான். வேங்கை விலைக்கு வாங்குங்கள்.

பழைய கட்டையில் ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மில்காரர் அறுக்க மறுக்கிறார்.

அவர் மறுப்பது நியாயம். ஒரு ஆணி பட்டால் பட்டை ரம்பத்தின் பல் போய்விடும், ரம்பம் அறுந்து ஆள் மேல் தெறிக்கவும் கூடும். ஒலிபெருக்கிக்குள் இருக்கும் வட்டக் காந்தத்தை நூலில் கட்டிக் கட்டையின் நாலு பக்கமும் மெதுவாக ஓட்டுங்கள், ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். ஆழத்தில் இருப்பதற்குக் கையடக்க உலோகம் காட்டும் கருவி வேண்டும். மரத்தில் கறுப்பாக நீளக் கறை தெரிந்தால் அதன் நடுவே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அந்தக் கறுப்பு வரும். ஆணியை எடுத்த பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் கறை வெளுக்கும். அது விஷம், கையுறை போட்டுக்கொண்டு செய்து, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். எல்லாக் கறையையும் எடுக்கத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். எனக்கு அந்த ஆணித்தடம் பிடிக்கும்.

பண்ருட்டியில் எங்கள் கொல்லைப் பலா மரம் மழைக்குச் சாய்ந்துவிட்டது. விறகுக்குப் போட மனசில்லை. என்ன செய்யலாம்?

விறகுக்குப் போடவே போடாதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் உங்கள் பக்கம் பலாவும் முந்திரியும் எவ்வளவு போயின என்று உங்களுக்கே தெரியும். பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். புதிதாக அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு நாளடைவில் செம்பழுப்பாக மாறும். கதவு, ஊஞ்சல், மேஜை எல்லாம் செய்யலாம்.

வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். சாய்ந்த மரத்தின் இரண்டு வெட்டு முனைகளிலும் அன்றைக்கே பழைய பெயிண்டோ உருக்கிய மெழுகோ கனமாகப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அங்கேதான் வெடிப்பு ஆரம்பிக்கும். உருட்டுக் கட்டையாக நாள் கணக்கில் போட்டு வைக்காமல் மில்லுக்கு ஏற்றுங்கள். எவ்வளவு தேறும் என்று பார்க்க, நடுவில் சுற்றளவை அங்குலத்தில் அளந்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுங்கள். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி என்றால் 12.5 கன அடி. பலகையாகக் கைக்கு வருவது இதைவிடக் குறையும்.

மேஜைக்கு ஒரு அங்குலப் பலகை வேண்டும் என்றால் ஒன்றேகால் அங்குலமாக அறுக்கச் சொல்லுங்கள். காய்ந்து சுருங்கும், இழைத்தாலும் குறையும். மரத்தின் நட்டநடுவே மெத்தென்று இருக்கும் சோற்றிப் பகுதி எந்தப் பலகையிலும் சேராமல் தனியாகப் பிரித்துவிடச் சொல்லுங்கள். அது சேர்ந்த பலகை எப்படியும் பிளக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே கனமுள்ள குச்சிகள், மேலிருந்து கீழ்வரை ஒன்றுக்கு நேர் ஒன்றாக. உச்சியில் கல்லை ஏற்றி வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் பரப்பினால் முறுக்கிக்கொள்ளும். ஒரு அங்குலப் பலகைக்கு ஆறு மாதமாவது விடுங்கள். இரண்டு அங்குலம் என்றால் வருஷம் தாண்டும். ஈரமானி இல்லையென்றால் ஒரே பலகையை மாதாமாதம் தராசில் நிறுத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை குறையாமல் நின்றால் உங்கள் ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது. இரண்டு மாதமும் மழைக்காலமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஜா புயலில் விழுந்த தென்னையில் சாமான் செய்ய முடிந்திருக்குமா?

முடிந்திருக்கும், கொஞ்சம்தான் முடிந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதிக்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகக் கிடந்த மரங்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. தென்னைக்கு மற்ற மரங்களைப் போல நடுவில் வைரம் (கெட்டியான உள்மரம்) கிடையாது. வெளிப்பக்கம்தான் கெட்டி, நடுவே போகப்போக மெத்து. ஆகவே முற்றிய மரத்தின் அடிப்பாதியில், வெளி ஓரத்திலிருந்து மட்டுமே சாமானுக்கான பலகை எடுக்க வேண்டும். கறுப்புக் கோடு ஓடிய அழகான பலகை அது. ரம்பத்தைச் சீக்கிரம் மழுக்கிவிடும் என்பதால் மில்லில் தயங்குவார்கள். அறுக்காத மிச்சத்தைத் தோப்பிலேயே மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, நிற்கும் மரங்களுக்கும் ஏறும். உடனே அப்புறப்படுத்த வேண்டும்.

தெருவில் விழுந்த மரத்தை எடுத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் எடுக்கக் கூடாது. தெரு மரம் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு சென்னையில் தூங்குமூஞ்சி மரங்கள் தெருத்தெருவாகத் துண்டாக்கிக் கிடந்தன. முறையாக அனுமதி வாங்கி எடுத்திருந்தால் எத்தனை பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்ச் ஆகியிருக்கும்! சொந்தப் பட்டா நிலத்து மரம் என்றாலும் வண்டியில் ஏற்றுவதற்கு முன் வனச்சரகர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தனம், தோதகத்தி (ஈட்டி) என்றால் கேட்காமல் கையே வைக்காதீர்கள்.

பழைய கட்டையில் வாங்கிய பெஞ்சுக்குக் கீழே தினமும் மாவு மாதிரி கொட்டுகிறது.

துளைவண்டு. ஓட்டை இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம். பழைய ஓட்டையில் வண்டு போய்ப் பல வருஷம் ஆகியிருக்கலாம். பெஞ்சைத் துடைத்து, கீழே கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புது மாவு விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அது பெரும்பாலும் வைரத்தைத் தொடாது. வைரத்துக்கு வெளியே இருக்கும் மாவுச்சத்துள்ள வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். வெள்ளைப் பகுதியை அறுத்து நீக்க முடியுமானால் அதுவே நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால் பாலிஷைச் சுரண்டிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை மரம் குடிக்குமட்டும் பூசுங்கள். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது.

பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய கதவைக் குழந்தைகள் படிக்கும் மேஜையாக்க ஆசை.

பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் உப்புத்தாளைப் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், தீயைக் காட்டிச் சுரண்டவும் வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாகவே சுரண்டி, சுரண்டியதைப் பையில் கட்டி அகற்றுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. பெயிண்ட் அப்படியே இருந்தால்தான் அழகு என்று சிலர் மேலே கண்ணாடி போடுகிறார்கள். பெரியவர்கள் இருக்கும் வரவேற்பறைக்கு அது சரி. குழந்தை கை வைக்கும் மேஜைக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் சாமான் செய்வது பாதுகாப்பா?

முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது: கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்கும். அதை எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை, வேண்டாம். ரசாயனமோ எண்ணெயோ கொட்டிய கறை இருந்தால் எந்த முத்திரையாக இருந்தாலும் வேண்டாம்.

தூங்குமூஞ்சிப் பலகையில் எபாக்சிப் பிசின் ஊற்றி வாங்கிய மேஜை ஒரே வருஷத்தில் நடுவே பிளந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணம்தான். மரம் சரியாகக் காயாமல் ஊற்றியிருப்பார்கள். அல்லது இரும்புக் காலோடு அசையவிடாமல் இறுக்கியிருப்பார்கள். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது, அகலவாட்டில் அசையும். மூன்றடி அகலப் பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். அதற்கு வழி இல்லையென்றால் பிளந்துகொள்ளும். மேஜையைக் கவிழ்த்துப் பாருங்கள். இரும்பில் திருகாணி போகும் ஓட்டை வட்டமாக இருந்தால் குறுக்குவாட்டில் நீள ஓட்டையாக அரவுங்கள். பிளவுக்குக் குறுக்கே, இரு பக்கமும் விரிந்து இடை சிறுத்த மரச்சாவியைக் குழி வெட்டிப் பதித்தால் மேலும் போகாது. பிசின் ஊற்றி மறைத்தால் அடுத்த கோடையில் பக்கத்தில் பிளக்கும்.

பழைய தேக்குக்கு எந்த பாலிஷ் நல்லது?

அதிகம் புழங்காத அலமாரி, பெட்டிக்கு அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பழைய பிரெஞ்சு பாலிஷ் போதும். அதன் பளபளப்புக்கு ஈடு இல்லை. ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். சாப்பாட்டு மேஜைக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு, தேய்க்கச் சொல்வேன். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். பழைய தேக்கில் எண்ணெய் இருப்பதால் கோந்து போட்டு ஒட்டும் இடங்களை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள்.

எண்ணெய் தேய்த்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு தங்கி, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.