சிலேட்டுக் கூரையின் தீத்தடுப்பு வகுப்பு: கல்லுக்கா, கூரைக்கா?

கேள்வி: எங்கள் வீட்டின் சாய்கூரை, மரக் கைமரங்களின் மேல் பலகை அடித்து அமைக்கப்பட்டது. மேலே இருக்கும் பழைய மர வில்லைகளை அகற்றிவிட்டு இயற்கைச் சிலேட்டுக் கல் பதிக்க எண்ணியிருக்கிறோம். காப்பீட்டு நிறுவனம், கூரைக்கு 'ஏ' வகுப்புத் தீத்தடுப்புச் சான்று வேண்டும் என்கிறது. கல் விற்பவரோ, "கல் எரியுமா? இதற்கெல்லாம் சான்று தேவையில்லை" என்கிறார். சிலேட்டைப் போலவே தோன்றும் பாலிமர் ஓட்டை விற்கும் இன்னொருவர், அதற்கு 'ஏ' வகுப்புச் சான்று தம் கையில் இருப்பதாகச் சொல்கிறார். எங்கள் கூரை தீக்குப் பாதுகாப்பானதாக இருக்க நாங்கள் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில்: உங்களிடம் பேசிய மூவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மூவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றியன்று. கல் விற்பவர் கல்லைப் பற்றிப் பேசுகிறார். காப்பீட்டு நிறுவனம் கேட்பது கூரையைப் பற்றி. பாலிமர் ஓடு விற்பவர் காட்டும் சான்றோ, அவருடைய ஓடு ஒரு குறிப்பிட்ட முறையில் பதிக்கப்பட்டால் மட்டுமே செல்லுபடியாகக்கூடியது. 'ஏ' வகுப்பு என்பது மேலே தெரியும் ஓட்டுக்கு மட்டும் தரப்படும் பட்டம் அன்று. ஓடு, அதன் அடியில் விரிக்கும் தாள், அதைத் தாங்கும் பலகை ஆகிய எல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத் தரப்படுவது. இதை மனத்தில் கொண்டால் மற்றவை தெளிவாகிவிடும்.

முதலில் கல்லைப் பார்ப்போம். ஆற்றுப்படுகையிலும் கடலடியிலும் படிந்த களிமண், பூமியின் ஆழத்தில் அழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ளாகி உருமாறியதே சிலேட்டு. குவார்ட்சு, மைக்கா, குளோரைட்டு ஆகிய கனிமங்களே அதில் பெரும்பகுதி. எரிவதற்கு உரிய பொருள் அதில் அநேகமாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1996இல் வெளியிட்ட ஒரு முடிவின்படி, இயற்கைக் கல்லும் சிலேட்டும், அவற்றில் சீராகக் கலந்துள்ள கரிமப் பொருள் 1 விழுக்காட்டைத் தாண்டாதவரை, சோதனை இல்லாமலேயே 'ஏ1' என்னும் எரியாப்பொருள் வகுப்பில் சேர்க்கப்படுகின்றன. மற்ற பொருள்கள் அந்த வகுப்பைப் பெற, சுமார் 750 பாகை செல்சியசு வெப்பமுள்ள உலைக்குள் வைத்துப் பார்க்கும் சோதனையைக் கடந்தாக வேண்டும். அந்த அளவில் கல் விற்பவர் சொன்னது முற்றிலும் சரி.

ஆனால் எரியாமை வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு. கூரைக்குப் பயன்படும் சிலேட்டு பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமனே உடையது. அதன் மேல் தொடர்ந்து தீ எரிந்தால், அந்த வெப்பம் கல்லைக் கடந்து அடியிலுள்ள தாளையும் பலகையையும் சென்றடையும். மேலும், ஒரு பக்கம் மட்டும் திடீரெனச் சூடேறும் கல் விரிசல் விடலாம். அடுக்கடுக்காகப் பிளந்து சில்லுகளாகத் தெறிக்கலாம். சூடேறிய கல்லின் மேல் தீயணைப்பு நீர் படும்போதும் இது நிகழக்கூடும். கல் எரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் கல் இருந்த இடத்தில் ஒரு திறப்பு உண்டாகியிருக்கும். அந்தத் திறப்பின் அடியில் என்ன இருக்கிறது என்பதே காப்பீட்டு நிறுவனம் அறிய விரும்பும் செய்தி.

'ஏ', 'பி', 'சி' என்னும் வகுப்புகள் வட அமெரிக்காவில் வழங்கும் ஏஎஸ்டிஎம் ஈ108, யூஎல் 790 ஆகிய சோதனை முறைகளிலிருந்து வந்தவை. அவை வெளியிலிருந்து வரும் தீயைக் கூரை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை அளக்கின்றன. தாள், பலகை எல்லாம் சேர்த்து அமைத்த மாதிரிக் கூரை ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைச் செலுத்தியபடி சோதிக்கிறார்கள். ஒரு சோதனையில், 'ஏ' வகுப்புக்கு, சுமார் 760 பாகை வெப்பமுள்ள சுடரை இரண்டு நிமிடம் காட்டி இரண்டு நிமிடம் நிறுத்தி, இப்படிப் பதினைந்து முறை செய்கிறார்கள். இன்னொன்றில், சுடர் கூரையின் மேல் எவ்வளவு தொலைவு பரவுகிறது என்று அளக்கிறார்கள். 'ஏ' வகுப்புக்கு 1.8 மீட்டரையும், 'பி' வகுப்புக்கு 2.4 மீட்டரையும், 'சி' வகுப்புக்கு 4 மீட்டரையும் அது தாண்டக் கூடாது.

மூன்றாவதான கொள்ளிச் சோதனைதான் சிலேட்டுக் கூரைக்கு உண்மையான தேர்வு என்று நான் கருதுகிறேன். மரச்சட்டங்களை அடுக்கிக் கட்டிய கொள்ளிக்கட்டையை நன்கு மூட்டி, கூரையின் மேல் வைத்து முழுவதும் எரியவிடுகிறார்கள். 'சி' வகுப்புக்கு வைக்கும் கொள்ளி 10 கிராமுக்கும் குறைவானது. 'பி' வகுப்புக்கு அரை கிலோ. 'ஏ' வகுப்புக்கு வைப்பதோ 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 2 கிலோ எடையுள்ளது. பக்கத்து வீடு எரியும்போது அதன் உத்தரத்துண்டு ஒன்று காற்றில் பறந்து வந்து உங்கள் கூரையில் விழுந்தால் எப்படி இருக்குமோ, அதற்கு ஈடான சோதனை இது. இதில் தேற வேண்டுமானால் கூரையின் அடிப்பக்கத்தில் சுடர் தோன்றி நிலைக்கக் கூடாது. அடித்தளப் பலகையின் எந்தப் பகுதியும் கனன்று கீழே விழக் கூடாது. கூரையிலிருந்து புதிய கொள்ளிகள் பிய்ந்து பறக்கவும் கூடாது. தீ வைப்பது மேலே என்றாலும், தீர்ப்பில் பெரும்பகுதி அடிப்பக்கத்தைப் பார்த்தே சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி, உங்கள் கூரைக்கு வருவோம். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, இயற்கைச் சிலேட்டுக்கு ஒரு சலுகை தருகிறது. எரியாத அடித்தளத்தின் மேல் பதித்த சிலேட்டைத் தனிச் சோதனை இல்லாமலேயே 'ஏ' வகுப்பாக அது ஏற்கிறது. மரப்பலகை போன்ற எரியக்கூடிய அடித்தளமாக இருந்தால், ஏஎஸ்டிஎம் டி226 தரத்தின் இரண்டாம் வகையைச் சேர்ந்த தார் ஃபெல்ட் தாளை விரித்து அதன் மேல் சிலேட்டைப் பதித்தால் அது 'ஏ' வகுப்பாகக் கொள்ளப்படும். இந்தத் தாளைத்தான் கூரை வேலைக்காரர்கள் முப்பதாம் எண் ஃபெல்ட் என்று சொல்வது வழக்கம். கல் விற்பவரிடம் சோதனைச் சான்று இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இப்போது விளங்கும்: விதியே சான்றின் இடத்தில் நிற்கிறது. ஆனால் அந்த விதி தாளின் பெயரைச் சொல்லியே சலுகை தருகிறது. ஆகவே விதி பெயர் சொல்லாத வேறொன்றை விரித்துவிட்டு அதே சலுகையைக் கோர முடியாது.

இங்கேதான் நல்ல எண்ணத்துடனேயே தவறு செய்யப்படுகிறது. இப்போது சந்தையில் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் விரிப்புகள் எடை குறைந்தவை, எளிதில் கிழியாதவை, விரிப்பதற்கும் வசதியானவை. அதனால் பணியாளர்கள் அவற்றை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் அவை பிளாஸ்டிக். சூடானால் உருகும், எரியும். அத்தகைய விரிப்பைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்றால், அந்த விரிப்பும் இயற்கைச் சிலேட்டும் சேர்ந்த தொகுப்பைச் சோதித்த அறிக்கை வேண்டும். அதுபோலவே, பலகைத் தளமே இல்லாமல் வெறும் ரீப்பர்களின் மேல் சிலேட்டை ஆணியடித்த பழைய கூரைகள், மேலே சொன்ன சலுகையின் சொற்களுக்குள் நேராக அடங்குவதில்லை. உங்களுடையது பலகைத் தளமாக இருப்பது இந்த வகையில் நல்லதே.

ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் நாட்டில் நீங்கள் இருந்தால், கேட்க வேண்டிய சொல் வேறு. அங்கே பொருளின் எரியும் தன்மைக்கு 'ஏ1' முதல் 'எஃப்' வரை ஒரு வரிசையும், வெளித்தீக்குக் கூரை ஈடுகொடுப்பதற்கு 'பி-ரூஃப்' முதல் 'எஃப்-ரூஃப்' வரை தனியாக இன்னொரு வரிசையும் உண்டு. பின்னதில் 'டி1' முதல் 'டி4' வரை நான்கு சோதனை முறைகள் இருக்கின்றன: எரியும் கொள்ளி மட்டும், கொள்ளியும் காற்றும், கொள்ளி, காற்று, வெப்பக் கதிர்வீச்சு மூன்றும் என்று முதல் மூன்றும் அமைய, நான்காவது அம்மூன்றையும் இரண்டு கட்டங்களாகச் செய்வது. இவை ஒன்றைவிட ஒன்று உயர்ந்த தரங்கள் அல்ல, வெவ்வேறு நாடுகள் கைக்கொண்ட வெவ்வேறு முறைகள். ஆகவே உங்கள் நாடு எந்த முறையைக் கேட்கிறதோ அதற்குரிய சான்றே பயன்படும். இயற்கைச் சிலேட்டுக்கு இங்கும் சலுகை உண்டு. கூரை வடிவமைப்புக்கும் வேலைக்கும் உரிய நாட்டு விதிகள் நிறைவேறியிருந்தால், வெளித்தீச் சோதனை இல்லாமலேயே அது தேறியதாகக் கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2000இல் முடிவு செய்தது.

விற்பனைத் தாள்களில் வரும் எழுத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அமெரிக்கச் சிலேட்டுத் தரமான ஏஎஸ்டிஎம் சி406இல் 'எஸ்1' என்றால், அந்தக் கல் 75 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 12326இல் அதே 'எஸ்1', கந்தக டைஆக்சைடு வாயுவைக் கல் தாங்கும் திறனைக் குறிக்கிறது. தீ வகைப்பாட்டில் வரும் 'எஸ்1' என்பதோ புகையின் அளவு. 'டி1' என்பதும் இப்படித்தான்: சிலேட்டின் தரத்தில் அது சூடேற்றி நீரில் அமிழ்த்தும் சோதனையின் முடிவைக் குறிக்கும், கூரையின் வகைப்பாட்டில் கொள்ளிச் சோதனை முறையைக் குறிக்கும். எஸ்1 என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளைக் காட்டி அதையே தீத்தடுப்புச் சான்று என்று நினைத்துக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கல்லின் ஆயுள் முக்கியமானதுதான், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடையாகாது.

பாலிமர் ஓட்டை நான் அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. இயற்கைச் சிலேட்டு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 முதல் 50 கிலோ வரை கனக்கும். மர வில்லைகளைத் தாங்கிய கைமரங்கள் அந்தச் சுமையைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்கிட்டுச் சொல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது; தாங்காது என்று அவர் சொன்னால் இலேசான ஓடு தேவைப்படலாம். ஆனால் பாலிமர் ஓடு பெறும் 'ஏ' வகுப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அது எரியக்கூடிய பொருள். பல தயாரிப்புகள், தீயைத் தாங்கும் சிறப்புத் தாளையோ சிப்சம் பலகையையோ அடியில் வைத்தால் மட்டுமே 'ஏ' வகுப்பைப் பெறுகின்றன. அதை விட்டுவிட்டால் 'சி' வகுப்புக்கு இறங்கிவிடுபவையும் உண்டு. சான்றின் முதல் பக்கத்தோடு நின்றுவிடாமல், எந்தத் தாள், எத்தனை அடுக்கு, எந்தப் பலகை, எவ்வளவு சாய்வு என்று குறிப்பிடும் பகுதியை வரிக்கு வரி படியுங்கள். எடையைத் தாங்கக் கைமரங்கள் இடம் கொடுக்குமானால், என் தேர்வு இயற்கைச் சிலேட்டே. அடியில் இருப்பதற்குச் சோதனை வருமுன், மேலே எரிபொருளே இல்லை என்னும் நிலை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'ஏ' வகுப்புக் கூரை இருந்தும் தீப்பிடித்த வீடுகள் உண்டு. காட்டுத்தீயின்போது சுடர் வந்து சேர்வதற்கு வெகுமுன்பே, காற்று கங்குகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவை கல்லின் மேல் விழுந்து அவிந்துபோகும். முகட்டுக் காற்றுத்துளை வழியாகவோ, இறவாரத்தின் அடியிலுள்ள இடைவெளி வழியாகவோ உட்புகுந்தவை அவிவதில்லை. இரண்டு சாய்வுகள் கூடும் பள்ளத்திலும், மழைநீர் வாய்க்காலிலும் தேங்கிய சருகு எரிந்தால், அந்தத் தீ கல்லின் விளிம்புக்குக் கீழே, மரம் தெரியும் இடத்தில் தொடுகிறது. ஆகவே காற்றுத்துளைகளுக்கு அரிக்காத உலோக வலை இடுங்கள். ஆசுத்திரேலியாவின் காட்டுத்தீப் பகுதிகளுக்கான தரம் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள வலையைக் கேட்கிறது. அது எங்கும் பின்பற்றத்தக்க அளவு. முறையாகப் பதித்த சிலேட்டுக் கூரையில் எந்த இடத்திலும் குறைந்தது இரண்டு கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒரு கல் உடைந்தோ நழுவியோ போனால் அந்த இடத்தில் மட்டும் அந்தக் காப்பு குறைகிறது என்பதால், உடைந்த கல்லை அடுத்த பருவம்வரை விட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் மூளும் தீயைப் பற்றி இந்த வகுப்புகள் எதுவும் சொல்வதில்லை. அதற்கு நிமிடக் கணக்கில் தரப்படும் தீத்தாங்கு அளவு தனி. அது உட்கூரைப் பலகையையும் சுவரையும் பொறுத்தது. உள்ளே எரியும் தீயில் கைமரம் வலுவிழந்தால் மேலிருக்கும் கல்லின் எடை அப்படியே கீழிறங்கும் என்பதால், கனமான கூரை உள்ள வீட்டில் உட்கூரையின் தீத்தாங்கு அளவைக் குறித்துப் பொறியாளரிடம் தனியாகக் கேளுங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்று தாள்கள் போதுமானவையாக இருக்க வேண்டும். கல் இயற்கைச் சிலேட்டு என்றும் எந்தத் தரத்துக்கு உட்பட்டது என்றும் கூறும் தயாரிப்பாளரின் அறிவிப்பு. அடியில் விரிக்கும் தாளின் தர எண் அச்சிட்ட விவரத்தாள். உங்கள் பகுதியில் நடைமுறையிலுள்ள கட்டட விதியின் எந்தப் பிரிவின்படி இந்தத் தொகுப்பு 'ஏ' வகுப்பாகிறது என்று ஒப்பந்ததாரர் கையொப்பமிட்டுத் தரும் குறிப்பு. இந்த மூன்றையும் கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் காட்டி, எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். பலகையின் மேல் தாள் விரிக்கப்பட்ட நாளன்று, தாளின் மேல் அச்சாகியிருக்கும் எண் தெரியுமாறு படம் எடுத்து வையுங்கள். கல் பதித்த பிறகு அதைக் காண ஒரு பகுதியைப் பெயர்த்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியிருக்காது.