அம்மாவுக்கு இன்றே கால்சியம் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகெலும்பு ஒன்று நசுங்கிவிட்டது. புதுச்சேரியில் பார்த்த எலும்பு மருத்துவர் டெரிபாரடைட் என்ற ஹார்மோன் ஊசியைத் தினமும் போடச் சொன்னார். நான்கு மாதமாக நான்தான் போட்டு விடுகிறேன். இந்த ஊசி எலும்பில் புற்றுநோய் வரவைக்கும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்குக் கை நடுங்குகிறது. ஊசி போட்ட இடம் சிவக்கிறது. கெண்டைக்கால் இழுக்கிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. கத்திரி வெயிலோ என்னவோ, இரண்டு வாரமாக வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், பகலிலும் தூக்கம். சத்துக்காக மூன்று வேளையும் கால்சியம் மாத்திரை, வாரா வாரம் வைட்டமின் டி பவுடர் கொடுக்கிறோம். போன மாதம் பக்கத்து கிளினிக்கில் வைட்டமின் டி ஊசியும் போட்டோம். ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: புற்றுநோயைப் பற்றி அப்புறம் பேசுவோம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வாந்தி, மலச்சிக்கல், தாகம், பகல் தூக்கம் என்று, அதுதான் என்னை உட்கார விடவில்லை. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

இந்த நான்கும் சேர்ந்து வந்தால் வெயில் என்று ஒதுக்காதீர்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். உங்கள் ஊரிலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரி வரை பஸ் ஏற வேண்டாம். கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிசல்ட் வரும்வரை கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, டெரிபாரடைட் மூன்றையும் நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியால் எலும்புக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஏன் இவ்வளவு அவசரம்? டெரிபாரடைட் போட்ட நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கால்சியம் கொஞ்சம் ஏறும், மறுநாளைக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அது மட்டும் என்றால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. நீங்கள் அதன்மேல் மூன்று வேளை கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறீர்கள். வாரம் 60,000 யூனிட் பவுடர் பொதுவாக எட்டு வாரத்துக்கு எழுதித் தருவது. அது முடிந்ததும் மருத்துவர் நிறுத்துவார், அல்லது மாதம் ஒன்றாகக் குறைப்பார். நீங்கள் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் வாங்கித் தொடர்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போதாததற்கு ஊசி. கிளினிக்குகளில் போடும் வைட்டமின் டி ஊசி பல நேரம் ஒரே தடவையில் 6 லட்சம் யூனிட். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கும், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக வெளியே வந்துகொண்டே இருக்கும். இன்று நிறுத்தினாலும் நாளைக்கே தீராது.

கால்சியம் ஏறினால் சிறுநீர் அதிகம் போகும், அதனால்தான் தாகம். உடம்பில் நீர் வற்றும். வாந்தியில் இன்னும் வற்றும். நீர் வற்றிய சிறுநீரகத்தால் கால்சியத்தை வெளியேற்ற முடியாது, அது மேலும் ஏறும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போய்த்தான் தூக்கம் குழப்பமாகிறது, குழப்பம் நினைவு தப்புவதில் முடிகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. சமயத்தில் பிடித்துவிட்டால் சலைன் ஏற்றியே பெரும்பாலானவர்களைத் தேற்றிவிடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவை மகன் அழைத்து வந்தார். "பத்து நாளா சோர்வுங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். நான்கு வேறு வேறு பெயரில் அட்டைகள். நான்கிலும் இருந்தது அதே கால்சியமும் வைட்டமின் டியும்தான். வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வரும். நீங்களும் போகும்போது காலி அட்டை உட்பட எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிரஷருக்குத் தயாசைட் வகை (சிறுநீரைக் கூட்டும்) மாத்திரை சாப்பிடுகிறாரா, இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறாரா, சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். முதலாவது கால்சியத்தை ஏற்றும். ஏறிய கால்சியத்தோடு டிகாக்சின் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாதாரணமாகக் கால்சியம் பார்க்கும்போது, ஊசி போட்டு 16 மணி நேரமாவது கழிந்த பிறகுதான் இரத்தம் எடுப்போம். இல்லாவிட்டால் ஊசியின் தற்காலிக ஏற்றத்தைப் பார்த்து ஏமாறுவோம். இப்போது அம்மா இருக்கும் நிலைக்கு அந்தக் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

சரி, புற்றுநோய். உங்கள் கையாலேயே அம்மாவுக்குப் புற்றுநோயை ஏற்றுகிறோமோ என்பதுதான் உங்கள் பயம். இல்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எலிகளுக்குச் சின்ன வயதிலிருந்து கிட்டத்தட்ட ஆயுள் முழுக்க மிக அதிக அளவில் கொடுத்தபோது எலும்பில் புற்றுக்கட்டி வந்தது. அதனால் 2002இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோதே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். பிறகு மருந்து போட்டுக்கொண்ட மனிதர்களைப் பல ஆண்டுகள் கண்காணித்தார்கள். அவர்களிடம் இந்தப் புற்றுநோய் கூடவில்லை. 2020இல் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். வீடியோ போட்டவர் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கிறார். இப்படிப் பாதிக் கதை கேட்டு நல்ல மருந்தை நிறுத்திவிட்டு, அடுத்த எலும்பும் நசுங்கிப் படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

ஒரு விஷயம் மட்டும் உண்மையாகவே முக்கியம். அம்மாவுக்கு எப்போதாவது புற்றுநோய்க்காகக் கரண்ட் வைத்திருந்தால், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தால், இந்த ஊசி அவருக்கு ஏற்றதல்ல. கர்ப்பப்பைக்கு இருபது வருடம் முன்னால் வைத்தது என்றாலும் சொல்ல வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கும், கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு சுரப்பி ஏற்கெனவே அதிகமாகச் சுரப்பவர்களுக்கும் போடக் கூடாது.

கால்சியம் சரியானதும் மறுபடி தொடங்கலாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரே முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், மறுபடி தொடங்கவும் வேண்டாம். பொதுவாக இரண்டு வருடம் வரை போடுவோம். முடிந்ததும் சும்மா விட்டுவிட்டால், கட்டிய எலும்பு சீக்கிரமே கரையத் தொடங்கும். அதனால் வருடம் ஒருமுறை ஏற்றும் சொலெட்ரானிக் ஆசிட் போன்ற வேறு மருந்துக்கு உடனே மாறியாக வேண்டும். விலை கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போடுவதைவிட, பணம் முடியவில்லை என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்வது நல்லது. வேறு வழி இருக்கிறது.

ஊசி போட்ட இடத்துச் சிவப்பு ஒன்றுமில்லை. தொடை, வயிறு என்று இடம் மாற்றிப் போடுங்கள். கெண்டைக்கால் இழுப்பு இந்த மருந்தில் வருவதுதான், ரிசல்ட் வந்தபின் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். முழங்கால் வலிக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. மூட்டு தேய்வது வேறு, எலும்பு அடர்த்தி குறைவது வேறு. இரண்டையும் நாம் 'எலும்புத் தேய்மானம்' என்றே சொல்வதால் வந்த குழப்பம் இது. ஹார்மோன் என்றதும் பெண் ஹார்மோன், ஸ்டீராய்டு என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது அந்த இரண்டுமே இல்லை, பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு பகுதி.

நான்கு மாதமாக வீட்டில் போடுகிறீர்கள் என்பதால் மருந்து அடைத்து வரும் ஊசிப் பேனாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் புது ஊசிமுனை. போட்டதும் முனையைக் கழற்றிவிட்டுத்தான் பிரிட்ஜில் வைக்க வேண்டும். திறந்த தேதியைப் பேனாவின் அட்டைப்பெட்டியில் எழுதுங்கள். 28 நாள் ஆனால் உள்ளே மருந்து மிச்சம் இருந்தாலும் வேண்டாம். மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வரும்போது போடலாம், ஒரே நாளில் இரண்டு தடவை கூடாது. மறுபடி தொடங்கினால் முதல் சில நாள் ஊசி போட்டதும் அம்மா சற்று நேரம் உட்கார்ந்தோ படுத்தோ இருக்கட்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், விழுந்தால் பாடுபட்டது வீண்.

இன்சுலினைப் போல இதைத் தண்ணீர்ப் பானையில் வைத்துச் சமாளிக்க முடியாது. எப்போதும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் எத்தனை ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோதும் இதே கவலைதான். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு தெர்மாகோல் பெட்டியும் இரண்டு ஜெல் ஐஸ் பையும் வாங்கி வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படாமல் பேனாவைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மருந்து கலங்கியிருந்தாலும் நிறம் மாறியிருந்தாலும் போடாதீர்கள். தெளிவாகவே இருந்தாலும், ஒரு ராத்திரி முழுக்க வெளியே கிடந்த பேனாவையோ உறைந்து உருகிய பேனாவையோ, விலையை நினைத்து அம்மாவுக்குப் போட்டுவிடாதீர்கள்.